இஞ்சின் ஆறும் வரை

அந்தப் பலகை மட்டும் எப்படிக் காய்ந்தது, அதை யாராவது எனக்குச் சொல்லட்டும், வள்ளம் முழுக்க மாசிப் பனியில் நனைந்து கறுத்துக் கிடக்கிறது, முன்முனையிலிருந்து பின்னால் சுக்கான் வரைக்கும் மேலே போட்டிருக்கிற பலகைகளில் ஒரு சாண் இடம் விடாமல் ஈரம், நடுவில் இஞ்சினை மூடியிருக்கிற அந்த ஒரு பலகை மட்டும் வெளுத்துப் போய், அடுப்பு மேட்டில் வைத்த விறகு மாதிரி... சூரியன் இப்போதுதான் தண்ணீரை விட்டு ஒரு முழம் ஏறியிருக்கிறது, அந்த ஒரு பலகையை மட்டும் தேடிப் பிடித்துக் காயவைத்ததா என்ன? யாரோ அந்த இஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். நான் வருவதற்கு முன்னால், இருட்டோடு வந்து, அரை மணி நேரமாவது ஓட்டிச் சூடேற்றி, மறுபடி மூடி வைத்திருக்கிறார்கள், இவளுக்கு என்ன தெரியப்போகிறது, நயினார்கோவில் பக்கத்து மிளகாய்க்காட்டுக்காரி, பெயிண்டைப் பார்ப்பாள், தலையாட்டுவாள் என்று. சூடாக இருக்கிற டீசல் இஞ்சின் எவன் கைப்பிடியைச் சுற்றினாலும் கிளம்பும், நாளைக்குச் சாகப்போகிற இஞ்சின்கூடக் கிளம்பும், ஆறிக் கிடக்கும்போது கிளம்புகிறதா என்பதில்தான் அதன் வண்டவாளம் இருக்கிறது, இது இந்தத் தங்கச்சிமடம் கரையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுரேஷிடம்தான் முதலில் சொன்னேன், என் கொழுந்தன், இந்த வள்ளத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன், பத்து நாளாக மதினி மதினி என்று காதைத் தின்றவன், போய் அந்த மூடியில் கையை வைத்துப் பார் என்றேன், முழங்கால் தண்ணீரில் போய் ஏறி, கையை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டு, "வெயில்ல சுட்டிருக்கு மதினி" என்றான். வெயிலாம். எனக்குக் குளிரில் தோளை முந்தானையால் மூட வேண்டியிருக்கிறது, அவனுக்கு வெயில். விற்கிற ஆள் பாக்கர் பாய் கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய வத்தைப் படகின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், பாய், யார் இஞ்சினைப் போட்டது என்று நேராகவே கேட்டேன், "நான் தொடல தங்கச்சி, அல்லா மேல ஆணையா நான் தொடல" என்றார், சத்தியம் செய்ய எவ்வளவு அவசரம், பிறகு இடது காலைத் தூக்கிக் காட்டினார், கணுக்கால் வரைக்கும் கட்டு, கட்டின் மேல் பாலிதீன் பை, பையின் வாயில் ரப்பர் பேண்டு, சர்க்கரைப் புண், உப்புத்தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், பொங்கலிலிருந்து வள்ளத்தில் ஏறவே இல்லையாம், அதனால்தானே விற்கிறேன் என்றார். சரி, ஆள் வைத்துச் செய்திருக்கலாமே. நானே ஏறிப் பார்க்கிறேன் என்று சேலையைத் தூக்கிச் செருகினேன், அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வாய் வந்தது, பொம்பளை ஏறக்கூடாது, "நீ ஏறி எறங்கி, வேணாம்னுட்டுப் போயிட்டா அப்பறம் எவன் தங்கச்சி இதை வாங்குவான்?" என்று பாய், "பேசாம நில்லுங்க மதினி" என்று சுரேஷ், என் புருஷன் மட்டும் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான். காசு என்னுடையது, என் மிளகாய்க்காட்டை விற்ற காசு, அது ஏறலாம், நான் ஏறக்கூடாது. அப்படியானால் இஞ்சின் ஆறட்டும் என்றேன். எவ்வளவு நேரம்? இரண்டு மணி நேரம். மூடியைத் திறந்து போடுங்கள், காற்று படட்டும், நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன், யாரும் பக்கத்தில் போகக்கூடாது. சுரேஷ் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும், அவன் தலை.

உட்கார்ந்துவிட்டேன், ஈர மணல், சேலை நனைகிறது, நனையட்டும்... இவர்களுக்கெல்லாம் ஒரு எண்ணம், டீசல் இஞ்சின் என்றால் கடலோடு பிறந்தது என்று. எங்கள் காட்டில் கிணற்றடியில் இருந்ததும் இதே இஞ்சின்தான், ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின், கையால் சுற்றுவது, அய்யாவுக்கு முழங்கால் மடங்காது, அண்ணன் தம்பி கிடையாது, எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் சுற்றினேன், லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும், வேகம் வந்ததும் லிவரை விட வேண்டும், விடுகிற நேரம் தப்பினால் கைப்பிடி திருப்பி அடிக்கும், இந்தா, மணிக்கட்டில் இன்னும் தழும்பு. மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நாட்களில் வரப்பில் உட்கார்ந்து பாடம் படிப்பேன், காது பாட்டுக்கு இஞ்சினைக் கேட்டுக்கொண்டிருக்கும், டீசல் குழாயில் காற்றுப் பிடித்தால் ஒரு சத்தம், டீசலைப் பீச்சுகிற நாசில் அடைத்தால் ஒரு சத்தம், தண்ணீர் குறைந்தால் ஒரு சத்தம். என் புருஷன் செல்வத்தைப் பார்த்ததே அந்த நாசிலால்தான், ராமநாதபுரத்தில் நாசில் சரி பண்ணுகிற கடையில் நான் பஸ்ஸில் கொண்டு போன நாசில் பெஞ்சின் மேல் இருந்தது, பக்கத்தில் அவனுடையது, மாரிச்செல்வம் என்று சாக்பீஸால் எழுதியிருந்தது, உன்னதுல என்ன கோளாறு என்று கேட்டான், எனக்கா இஞ்சினுக்கா என்றேன்... அப்படிப் பேசுகிறவளாக இருந்தேன். கல்யாணத்துக்கு அய்யா வரவில்லை, ஆனால் என் பங்குக் காட்டை எழுதிக் கொடுத்துவிட்டார், முகத்தில் முழிக்காதே, இதை எடுத்துக்கொண்டு போ என்று, அந்தக் காட்டைத்தான் தை மாதம் விற்றேன்.

டீ வந்தது, பாய் வாங்கி அனுப்பியிருக்கிறார், எனக்கு வேண்டாம் என்று மணலில் வைத்தேன், ஆடை படிந்துகொண்டிருக்கிறது. செல்வம் எங்கே? அதோ, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருடையதோ வலைக் குவியல் பக்கத்தில், ஒரு நூலை எடுத்து முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டு... ஊருக்கு முன்னால் ஏங்க என்பேன், மனசுக்குள் எப்போதும் அவன்தான், இன்றைக்கு அதுகூட அதிகம். கரைக்கு வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியிருப்பானா? யாருக்காக இந்த ஈர மணலில் உட்கார்ந்திருக்கிறேன், யார் ஓட்டப்போகிற வள்ளம்? ஐப்பசியில் நடந்ததற்குப் பிறகு என் இடத்தில் இருக்கிற எவளும் இஞ்சின் ஆறும் வரைக்கும்தான் உட்காருவாள், இது இவனுக்குத் தெரியாதா? எனக்கு ஆதரவாக ஒரு சொல், ஆமா பாய், அவள் கேட்பது நியாயம்தானே என்று ஒரு சொல். பாய்க்கு மரியாதை, தம்பிக்கு மரியாதை, பொண்டாட்டி மட்டும் கரையில் கத்துகிற காக்கா. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க எரிகிறது. நான்கு மாதமாக அந்த முதுகைத்தான் பார்க்கிறேன், விடியக்காலை நாலு மணிக்கு ஐஸ் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போகிறேன் என்று கிளம்புகிற முதுகு, ஏழரைக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிற முதுகு, பத்துப் பன்னிரண்டு நாளாக அந்தச் சட்டையில் டீசல் வாடை வேறு, சோப்பு கரைகிறது, வாடை போக மாட்டேன் என்கிறது.

ஐப்பசி... நினைக்கக் கூடாது என்றால் அதுதான் வரும். அன்றைக்கும் இதே மாதிரி காலை, பழைய வள்ளம், நான் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வரும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சுரேஷ் ஓட்டி வைத்துவிட்டு வயிற்று வலி என்று கரையில் குந்திக்கொண்டான், அதனால் செல்வம் தனியாக, நண்டு வலைதானே, மத்தியானம் வந்துவிடுவேன் என்று. இவன் ஏறி நின்றுகொண்டு, "என்ன சொல்ற, சத்தம் எப்பிடி?" என்று கத்தினான், விளையாட்டுத்தான், தினமும் கேட்பான், ஊரே சிரிக்கும், எங்க வீட்ல டாக்டரு இருக்கு என்று பீற்றிக்கொள்வான். நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு குறையும் இல்லாத சத்தம். கையைத் தூக்கி, நல்லாருக்கு, போயிட்டு வாங்க என்றேன். சூடான இஞ்சினைக் கேட்டுவிட்டு நல்லாருக்கு என்றேன், நான், எட்டாம் வகுப்பிலிருந்து இஞ்சின் சுற்றியவள். அன்று விடியலில் அதைக் கிளப்ப சுரேஷ் முக்கால் மணி நேரம் சுற்றினானாம், அதை எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறான், வயிற்று வலியே அதனால்தானாம். வலை போட்டுவிட்டு இஞ்சினை நிறுத்தியிருக்கிறான் இவன், ஆறிவிட்டது, பிறகு கிளம்பவே இல்லை. வாடைக் காற்று. மூன்று ராத்திரி. போன் முதல் நாளே நனைந்துவிட்டது, உள்ளங்கைத் தோல் உரியும் வரைக்கும் சுற்றியிருக்கிறான், தூத்துக்குடிப் பக்கத்துப் படகு ஒன்று பார்த்து இழுத்து வந்தது, வழியில் கயிறு அறுந்து வள்ளம் போனது, ஆள் வந்தான். வந்து என்ன சொன்னான்? மூணு நாள் ஓசியில ஊர் சுத்திட்டு வாரேன் என்றான், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு சத்தம் எப்படி என்று அவன் கேட்டதே இல்லை. திட்டியிருக்கலாம், நீ சொல்லித்தானே போனேன் என்று ஒரு அறை அறைந்திருக்கலாம், இந்த மௌனத்துக்கு அது எவ்வளவோ தேவலை. எப்போது கடலுக்குப் போகிறாய் என்று யாராவது கேட்டால், "வள்ளம் இல்லையேண்ணே" என்பான். அவன் நூறு பேரிடம் சொல்லி நான் கேட்டுவிட்டேன், வள்ளம் இல்லை, வள்ளம் இல்லை. சரி, இந்தா வள்ளம் என்று காட்டை விற்றேன்.

வெயில் உண்மையாகவே வந்துவிட்டது, மற்ற பலகைகளும் வெளுத்துவிட்டன, இனிமேல் எதற்கும் சாட்சி இல்லை. பாய் கட்டுப்போட்ட காலைக் கையால் தூக்கி மாற்றி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்த மாதிரி இருக்கு தங்கச்சி என்கிறார், இருக்கட்டும், ஐப்பசியில் நான் மூன்று ராத்திரி கரையில் உட்கார்ந்திருந்தேன், இவர் இரண்டு மணி நேரம் உட்காரட்டும். வள்ளத்தை ஒரு ஒழுங்கில் வைத்திருக்கிறாரா, அந்த நங்கூரக் கயிற்றைப் பார், முன்முனையிலிருந்து தண்ணீருக்குள் போகிற இடத்தில் பாசி பிடித்துப் பச்சையாகத் தாடி தொங்குகிறது, சிப்பிப் பொட்டுகூட ஒட்டியிருக்கிறது, ஒரு மாதமாவது அதை யாரும் தூக்கியிருக்க மாட்டார்கள், நங்கூரத்தை எடுத்து ஒரு தடவை அலசாத சோம்பேறி இஞ்சினுக்கு எண்ணெய் மாற்றியிருப்பாரா? இருக்காது. இது ஓட்டை இஞ்சின், ஓட்டையாகத்தான் இருக்கும், ஆறினதும் கிளம்பாது, கிளம்பக்கூடாது... ஏன் கிளம்பக்கூடாது? நான் வாங்கத்தானே வந்திருக்கிறேன்? கிளம்பாவிட்டால் எனக்கென்ன சந்தோஷம்? இந்தக் கேள்வி வேண்டாம். டீயின் ஆடையில் ஒரு எறும்பு விழுந்திருக்கிறது.

எட்டரை ஆனதும் நானே எழுந்து, பார்க்கலாம் என்றேன். சுரேஷ் வள்ளத்துக்குப் போய் இஞ்சின் தலையில் கையை வைத்து, "பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு மதினி, திருப்தியா?" என்று கத்தினான், கைப்பிடியைச் செருகினான், பிறகு குனிந்து தடவுகிறான், முன்னால் தடவுகிறான், பக்கத்தில் தடவுகிறான், "பாய், லிவரு எங்கன இருக்கு? ஒண்ணையும் காணோமே". பாய் இங்கிருந்தே, அது ஒடஞ்சு போச்சுப்பா, அதுக்குப் பதிலா ஒரு கம்பி, என்று தொடங்கினார், முடிப்பதற்குள் இவன் வலைக் குவியலிலிருந்து எழுந்து, கைலியை மடித்துக் கட்டி, தண்ணீருக்குள் இறங்கி, ஏறி, "தள்ளு" என்று தம்பியை ஒதுக்கிவிட்டு நின்றான். வலது கையில் கைப்பிடி. இடது கை தானாகப் பின்னால் போனது, இஞ்சினுக்கும் டீசல் டேங்குக்கும் இடையில் இருக்கிற இடுக்குக்குள், குனியவில்லை, பார்க்கவில்லை, கண் கடல் பக்கம் இருந்தது, கை மட்டும் போய் ஒரு சைக்கிள் பிரேக் கம்பியை இழுத்துப் பிடித்தது. அந்தக் கம்பி அங்கே இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? இன்றைக்குத்தானே முதல் தடவையாகப் பார்க்க வந்தோம்? மூன்று சுற்று, நாலாவது சுற்றில் கம்பியை விட்டான், டப் என்று ஒரு அடி, வெள்ளைப் புகை ஒரு வாய், அதோடு புகை தெளிந்து, இஞ்சின் ஓட ஆரம்பித்தது. ஆறிக் கிடந்த இஞ்சின், ஒரே தடவையில். இஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வெளியே வருகிற தண்ணீர், பக்கவாட்டுக் குழாயிலிருந்து மணிக்கட்டு மொத்தத்துக்குக் கடலில் விழுந்தது. நான் கேட்டேன், காது பாட்டுக்குக் கேட்டது, நாசில் சரி, காற்று இல்லை, தட்டுகிற சத்தம் இல்லை, என் வாழ்க்கையில் இதைவிட நல்ல இஞ்சினைக் கேட்டதில்லை.

பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது, நான் கொடுத்த மானக்கேட்டுக்கெல்லாம் பழி தீர்த்த சந்தோஷம், "பாத்தியா தங்கச்சி? மாப்ளே, நங்கூரத்தைத் தூக்கு, ஒரு சுத்து போயிட்டு வா, அப்பறம் பேசிக்கிருவோம்" என்றார். இவன் முன்முனைக்குப் போனான். கயிற்றைப் பிடித்தான். இரண்டு கையாலும் பிடித்தான், இழுக்கவில்லை. இழுப்பான் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சுரேஷும் பார்க்கிறான், கயிறு அப்படியே தொங்குகிறது, அவன் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறியிருக்கிறது, ஐப்பசியில் கரைக்கு வந்து இறங்கியபோது இருந்த அதே தோள். அப்புறம் கையை எடுத்துவிட்டான், உள்ளங்கை முழுக்கப் பச்சைப் பாசி, "சத்தம் கேட்டாப் போதும் பாய்" என்றான், யாரையும் பார்க்காமல். அந்தப் பச்சையைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக... ஐஸ் கம்பெனியில் ஏது டீசல், அது கரண்டில் அல்லவா ஓடுகிறது? நாலு மணிக்குக் கிளம்புகிற முதுகு. இன்றைக்கும் நாலு மணிக்குப் போய், ஆறு மணிக்கு வந்து, வா போவோம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவன். காய்ந்த பலகை. பாய் தொடவில்லை, சத்தியம் உண்மைதான், சுரேஷும் தொடவில்லை. தினமும் இருட்டில் இங்கே வந்து இஞ்சினைக் கிளப்பி, ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான், ஒரு நாள்கூட அந்தக் கயிற்றைத் தூக்கவில்லை, பாசி அதன் பாட்டுக்கு வளர்ந்திருக்கிறது. என் மேல் கோபம் என்று நினைத்தேனே, நான்கு மாதமாக. கோபமா அது? பயம். என் புருஷனுக்குக் கடல் என்றால் பயம் வந்துவிட்டது, அதை அவன் யாரிடம் போய்ச் சொல்வான், இந்தக் கரையில்? வள்ளம் வேண்டும் என்று அவன் எப்போது கேட்டான்? இல்லை என்றுதானே சொன்னான், இல்லை என்று சொல்ல முடிந்தது ஒன்றுதானே அவனுக்கு இருந்தது, அதையும் நான் காட்டை விற்றுப் பிடுங்கப் பார்த்தேன்.

பாயும் சுரேஷும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியது நான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அழகாக, வெட்கமில்லாமல். "தண்ணி சரியாத் தள்ளல" என்றேன்.

"என்னம்மா சொல்ற?" பாய் புண் காலோடு எழுந்தே விட்டார், "கண்ணு தெரியுதா ஒனக்கு? அங்கன பாரு, குழாயைத் தொறந்துவிட்ட மாதிரி ஊத்துது, தண்ணி தள்ளலையாம்!" சுரேஷ், மதினி, பைத்தியமா பிடிச்சிருக்கு, என்று சிரித்தான். தண்ணீர் விழுகிற சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வம் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தான், பிறகு தலையைத் தூக்கி, இன்றைக்கு முதல் தடவையாக, என்னைப் பார்த்தான். தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. "ஆமா பாய்," என்றான், "அவ சொல்றது சரிதான். தண்ணி பத்தல." கையை நீட்டி இஞ்சினை நிறுத்தினான்.

பாய் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார், திட்டட்டும், நியாயம்தான், இரண்டு மணி நேரம் காக்கவைத்து, நல்ல பொருளை நொட்டை சொல்லிவிட்டுப் போகிறவளை வேறென்ன செய்வது. சுரேஷ் முன்னால் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் மணலில் நடந்தோம், அவன் உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே வந்தான், பாசி போன பிறகும் துடைத்தான், எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியுமா தெரியாதா, கேட்கவும் முடியாது, கேட்டால் அவன் என்ன செய்வான். முதல் தடவை தெரியாமல் தப்பாகச் சொன்னேன், இந்தத் தடவை தெரிந்தே பொய் சொன்னேன், இது சரிதானே, இதிலாவது நான் தப்புச் செய்யவில்லையே என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். ரோட்டுக்கு ஏறும்போது அவன் நின்று செருப்பிலிருந்து மணலைத் தட்டினான், தட்டிக்கொண்டே, "நாளைக்கும் நாலு மணிக்கு எழுப்பி விட்டுரு, ஐஸ் லோடு இருக்கு" என்றான். சரி என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, தினமும் அந்தக் கயிற்றைத் தூக்கிப் பார்க்கத்தான் வந்தானோ, இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு என்று... பாய் இருக்கிற கோபத்துக்கு வள்ளத்தை இன்றைக்கே வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவார். நாளைக்கு நாலு மணிக்கு எழுந்து இவன் எங்கே போய் உட்காருவான்?